ஏழு போனுக்கும் போகும் சேதி

"இப்ப நான் பீரோவைத் தெறக்கறேங்க."

அறையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். பாய் பீரோவைத் திறப்பார். "பைலு ஒண்ணு எடுக்கறேங்க." எடுப்பார். "சாத்திட்டேன்." சாத்தியிருப்பார்.

டீ வந்தால் அதற்கும் உண்டு. "எனக்கு இன்னொரு கரண்டி சக்கரை போட்டுக்கறேங்க." யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனாலும் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நிற்பார். யாராவது "ம்" என்றால்தான் போடுவார்.

அவருக்குப் பெயர் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். புதன்கிழமை முதல் பஸ்ஸில் மேலே வருவார். எங்கள் விவசாயிகள் சங்கத்தின் கம்ப்யூட்டரையும் மெயிலையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுவார்.

சங்கத்துக்கு ஏழு இயக்குநர்கள். நான் ஒருத்தி. அஞ்சாவது வரை படித்தேன். மிளகு இருக்கிறது, கொஞ்சம் சாமை போடுகிறேன். மற்றவர்களும் அப்படித்தான். ஊர் ஊராக, நாடு நாடாகத் தேர்ந்தெடுத்த ஆட்கள். எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. வெளியூர் வியாபாரிகள் மெயிலில்தான் விலை பேசுவார்கள் என்று ஆனபோது எங்களுக்கு பாய் தேவைப்பட்டார்.

பாய் பயந்த மனிதர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாயைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போவார். கண்டக்டர் சத்தம் போட்டால் சில்லறை கை தவறிக் கீழே விழும். சங்கத்தில் எங்களோடு ஒரு ஜீப்காரர் இருந்தார். திண்ணனூர் நாட்டுக்காரர். அவருக்கு இயல்பான பேச்சே அதட்டல்தான். அவர் "பாய்!" என்று உள்ளே வந்தாலே இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

"உக்காருய்யா. உன்னய நான் கடிக்கவா போறேன்?"

"இல்லீங்க. எந்திரிச்சுட்டேன். இப்ப உக்காந்துக்கறேங்க."

ஏன் எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் செய்கிறார் என்று பலரும் கேட்டிருக்கிறோம். டீக்கடைக்காரரிடம், மறதி அதிகம், வாய்விட்டுச் சொன்னால் ஞாபகம் நிற்கும் என்றார். ஜீப்காரரிடம், அப்பா காலத்துப் பழக்கம் என்றார். என்னிடம் சிரித்து வைத்தார்.

ஒருமுறை என் வீட்டுக்கு வந்திருந்தார். என் போனில் மெயில் வரும்படி செய்ய வேண்டும். போனைக் கொடுத்துவிட்டு நான் காட்டுக்குப் போய்விட்டேன். மிளகுக் கொடிக்கு அணைப்பு கட்டிக்கொண்டிருந்தேன். மழை பெய்து ஓய்ந்த நேரம். பார்த்தால் சரிவில் பாய் வருகிறார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வழுக்கி வழுக்கி, காலெல்லாம் அட்டைக் கடி. இன்னொரு கையில் ஒரு பீங்கான் கோப்பை, இரண்டு துண்டாக.

"தங்கச்சி, நான் ஒடச்சுட்டேங்க. கை பட்டு வுழுந்துருச்சு."

அது காது போன கோப்பை. உப்புப் போட்டு வைத்திருந்தேன். உடைந்தால் எறிந்துவிட்டு வேறு எடுத்திருப்பேன்.

"இதுக்கா எறங்கி வந்தீங்க?"

"நீங்க வந்து பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதில்லீங்களா."

காலில் ரத்தம் நிற்கவில்லை. மூக்குப்பொடி வைத்து விட்டேன். அப்போதும், "வெச்சுட்டீங்களா, வெச்சுட்டீங்களா" என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பெரிய சாவி விஷயத்தை எங்களிடம் எடுத்தது அவர்தான். நாங்கள் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது எழுந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லணுங்க. மெயில்ல ஆளாளுக்கு ஒரு பெட்டி இருக்குது. அவங்கவங்க பெட்டிக்கு அவங்கவங்க சாவி. ஆனா எல்லாத்துக்கும் சேத்து ஒரு பெரிய சாவி இருக்குதுங்க. அது எங்கிட்ட இருக்குது. அத வெச்சு புதுசா பெட்டி போடலாம், பழசைத் தூக்கலாம். ஒருத்தருக்கு வர்ற கடிதாசி இன்னொருத்தருக்கும் போற மாதிரி பண்ணலாம். அவருக்கே தெரியாதுங்க."

பெரக்கரை நாட்டிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். எங்கள் ஏழு பேரில் மூத்தவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா பாய், உம் மச்சான் மொளகு ஏவாரிதான?"

"ஆமாங்க. சம்சாரத்தோட அண்ணன்."

"நாங்க சங்கம் வெச்சதுல அவருக்கு ஏவாரம் கொறஞ்சு போச்சு."

"பாதிக்கு மேலங்க."

"எங்க வெலை மெயில்ல வருது. பெரிய சாவி உங்கிட்ட."

"நியாயமான பேச்சுங்க."

ஜீப்காரர் சிரித்துவிட்டார். "நியாயம்னா என்ன பண்றது? மச்சானை மாத்த முடியுமா?"

பாய் சிரிக்கவில்லை. "அடுத்த பொதன்கெழமை சொல்றேங்க" என்றார்.

அடுத்த புதன்கிழமை ஏழு பேர் போனையும் வாங்கி வரிசையாக மேசையில் வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஏதோ செய்தார். பிறகு சொன்னார். இனி அந்தப் பெரிய சாவியை யார் தொட்டாலும், தொட்ட உடனே ஏழு போனுக்கும் சேதி போகும். என்ன மாற்றினார்கள், யார் பேரில் மாற்றினார்கள், இரண்டும் இருக்கும். சர்வர் தானாக அனுப்பும். யாரும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை.

"நீ அந்தச் சேதியையே நிறுத்திட்டா?" என்றார் பெரியவர்.

"நிறுத்தறதும் ஒரு மாத்தந்தானுங்க. நிறுத்திட்டாங்கன்னு ஏழு பேருக்கும் சொல்லிப்போட்டுத்தான் அது நிக்கும்."

பெரியவர் மேசையில் இருந்த தன் போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கொன்னவன் பேரைச் சொல்லிட்டுத்தான் சாகும்ங்கற."

"அப்படித்தானுங்க."

"வை."

முதல் சேதி வந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரே சேதி எல்லா வீட்டுக்கும் வந்தால் அது அழைப்பு. சாவோ, நோம்பி திருவிழாவோ, பஞ்சாயத்தோ. ஆள் வந்து வாசலில் சொன்னதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பொது இடத்தில் போய் நிற்க வேண்டும். என்ன ஏது என்று வாசலிலேயே நோண்டிக் கேட்பது மரியாதை இல்லை. அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன் சத்தம் போட்டது. ஏழு பேருக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்தது. யாரும் படிக்கவில்லை. கிளம்பிவிட்டோம்.

பாய் ஆபீசில் தனியாக உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனேன். பின்னாலேயே இரண்டு பேர். பிறகு ஜீப் வந்து நின்றது. கடைசியாகப் பெரியவர், அத்தனை தூரம் நடந்து, தலையில் துண்டோடு.

பாய் சோற்றுக் கையோடு எழுந்து நின்றார்.

"என்னங்க ஆச்சு? யாருக்கு என்னங்க?"

"நீதானய்யா கூப்புட்ட!" என்றார் ஜீப்காரர்.

"நானுங்களா?"

"ஏழு பேருக்கும் சேதி வந்துச்சே!"

பாய்க்குப் புரிய நேரம் ஆனது. "மொளகு விக்கற மெயில் பெட்டியோட பாஸ்வேர்டை மாத்துனேங்க. அவ்வளவுதானுங்க."

"இதுக்கா மரவள்ளி லோடை பாதி வழியில எறக்கி வெச்சுட்டு வந்தேன்? என்னய்யா நெனச்சுட்டு இருக்க நீ?"

பாய் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"மாத்துனியா?"

"மாத்திட்டேங்க."

"நல்லா மாத்துனியா?"

"நல்லாத்தான் மாத்துனேங்க."

"அப்பச் சரி. நீ சோத்தத் தின்னு."

அதற்குப் பிறகு வந்த சேதிகளின் அடியில் ஒரு வரி சேர்ந்துகொண்டது. 'வர வேண்டாம். தெரிந்தால் போதும்.' சர்வர் தானாகவே அதையும் எழுதும்படி செய்துவிட்டார்.

ஆனால் பெரியவருக்கு அது ஒப்பவில்லை. சேதி சொன்னவனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவருக்கு ஆகாது. பால்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுவார். பிறகு சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி பாய்க்குப் போன் போடுவார். "பாய், பாத்தேன்." அவ்வளவுதான். வைத்துவிடுவார்.

பாயும் அதற்குப் பழகிவிட்டார். எதையாவது மாற்றினால் பெரியவரின் போன் வரும் வரை அடுத்த வேலைக்குப் போக மாட்டார். "பெரியவரு இன்னும் பாக்கலீங்க" என்று சன்னல் பக்கம் போய் நிற்பார். புதுப் பெட்டி ஒன்று போட்டாலும் சரி, பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் சரி. வேலை மெதுவாகத்தான் நடந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது அவர் இந்தப் பக்கம் இல்லை. கண் சரியாகத் தெரியாமல் போய், கடையை விட்டுவிட்டு, மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். வேறு ஒரு பெண் வந்து பார்க்கிறாள். கெட்டிக்காரி. அவள் பீரோவைத் திறப்பது எங்களுக்குத் தெரிவதே இல்லை.

பாய் எங்களோடு இருந்தபோது ஒரு வருஷம் மிளகு நன்றாகக் காய்த்திருந்தது. குடோனில் மலையின் மூன்று நாடுகளிலிருந்து வந்த மிளகும் மூட்டையாக நின்றது. பெரிய வியாபாரி ஒருவர் விலை சொல்லி மெயில் அனுப்புவதாக இருந்தார். அந்த விலை வெளியே தெரிந்தால் கீழே இருக்கும் ஏவாரிகள் முந்திக்கொள்வார்கள். மொத்தமும் கெட்டுப்போகும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். நான் ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று கடைசி மிளகைப் பறித்துக்கொண்டிருந்தேன். போன் சத்தம் போட்டது. இறங்கி வந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'விற்பனைப் பெட்டிக்கு வரும் கடிதங்களின் நகல் இனி இன்னொரு முகவரிக்கும் போகும். மாற்றியவர்: பாய். வர வேண்டாம். தெரிந்தால் போதும்.'

கீழே அந்த முகவரி இருந்தது. அதில் பாயின் மச்சான் கடைப் பெயர் இருந்தது.

ஜீப்காரர் போன் போட்டார்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"மச்சானை மாத்த முடியுமான்னு அன்னிக்குச் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது."

போனை வைத்தேன். பறித்த மிளகைச் சாக்கில் கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சேதி. 'நகல் நிறுத்தப்பட்டது. மாற்றியவர்: பாய்.' உடனே இன்னொன்று. 'பாயின் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது. மாற்றியவர்: பாய்.' அப்புறம் எதுவும் வரவில்லை.

பெரியவர் அன்று பாய்க்குப் போன் போடவில்லை. அதைக் கேட்டபோதுதான் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. பாய் வருகிற நாள் இல்லை. ஆனாலும் நாங்கள் ஆபீசுக்குப் போய்விட்டோம். அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பேச வேண்டியிருந்தது. முதல் பஸ்ஸில் அவரே வந்து இறங்கினார். உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"நேத்து ஜும்மாவுக்குப் போனேங்க. மச்சான் வரலைன்னாரு, அவரைக் கடையில உக்கார வெச்சுட்டுப் போனேன். கடைக் கம்ப்யூட்டர்ல நம்ம மெயிலு தெறந்திருந்துச்சு, அதச் சாத்தாமப் போனேன். அது எந் தப்பு. தொட்டது மச்சான், திரும்பி வந்து பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. சேதி போற விஷயத்த அவருகிட்டயும் நான் சொல்லித்தான் இருக்கறேன். நான் சொல்றத யாருங்க காதுல வாங்கறாங்க?"

ஒருவர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"நான் வர்ற வரைக்கும் அந்தப் பெட்டிக்குக் கடிதாசி எதுவும் வரலீங்க. பாத்துட்டேன். உங்க வெலை வெளிய போகல. ஆனா நடந்தது எங்க ஊட்ல, எம் பேர்ல. பெரிய சாவிய வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

ஜீப்காரர் வாயைத் திறந்தார். பெரியவர் கையைக் காட்டினார்.

"பழையபடி ஆக்கிட்டியா?"

"ஆக்கிட்டேங்க."

"வேற ஆளுன்னா யாரு?"

"ராசிபுரத்துல பசங்க இருக்கறாங்க. படிச்ச பசங்க."

"அவனுக்கு ஒரு மச்சான் இருக்க மாட்டானா?"

முதலில் சிரித்தது ஜீப்காரர்தான். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பாய் சிரிக்கிறதா கூடாதா என்று தெரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த ஆளோட மச்சான் யாருன்னாவது நமக்குத் தெரியும்" என்றார் பெரியவர். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும். நாங்க மலைக்காரங்களுக்குக் குடுக்கற வெலைய வாசல்ல ஒரு போர்டுல எழுதிப் போடு. உம் மச்சானுக்கு வேணும்னா வந்து பாத்துக்கட்டும். எங்களை விடக் கூடக் குடுத்தா குடுக்கட்டும். சனத்துக்குத்தான் நல்லது. வியாபாரி எங்களுக்குச் சொல்ற வெலை மட்டும் உள்ள இருக்கட்டும்."

அவ்வளவுதான் கூட்டம். பாய் சாக்பீஸ் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் விலையை எழுதினார். எழுத்து கோணலாக வந்தது. ஜீப்காரர் பின்னால் நின்று, "ஏன் பாய், வெலை எழுதறியா, மலை ரோட்டு வளைவை வரையறியா?" என்றார். பாய் அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

சாயங்காலம் பஸ் நிற்கும் இடம் வரை நான் கூடப் போனேன். எனக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை.

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அவர் பேசாமல் நடந்து நான் பார்த்ததில்லை.

"ஊட்ல பேச்சு இல்லீங்க தங்கச்சி" என்றார். "அவளுக்கு ஒரே அண்ணன். ஏழு பேருக்குச் சொல்லி எங்கண்ணன் மானத்த வாங்கிட்டீங்கங்கறா. நான் சொல்லலீங்க. அதுவா போச்சு."

"மச்சான் என்ன சொல்றாரு?"

"கதவைச் சாத்திட்டு உள்ள இருக்கறாரு. முப்பது வருஷமா இந்த மலையில ஏறி எறங்குன மனுசன். இங்க ஒவ்வொரு ஊட்லயும் சாப்புட்டிருக்கறாரு. இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு மேல போறதுன்னு கேக்கறாருங்க."

நின்றார். தொப்பியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்தச் சேதி எனக்கு மட்டும் வந்திருந்தா நான் சத்தமில்லாம மாத்தி வெச்சுட்டு வாயத் தெறக்காம இருந்திருப்பேன். பொதன்கெழமை வந்து உங்களோட உக்காந்து டீயும் குடிச்சிருப்பேன். என்னய எனக்குத் தெரியுங்க. நான் பயந்தவன். தனியா இருந்தா பயம் என்ன சொல்லுதோ அதத்தான் செய்வேன். அதான் எதுன்னாலும் நாலு பேரு காதுல போட்டுடறது. போட்டுட்டா அப்புறம் ஒளியறதுக்கு எடம் இருக்காதுங்க."

எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். அவரை நினைத்துக்கொண்டேன்.

"நானா இருந்தாலும் மறைச்சிருப்பேன் பாய்."

அவர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

பஸ் நிறுத்தத்தில் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். அந்த வருஷத்தின் முதல் பழங்கள். பாய் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றார். நான் தட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் தூக்கக்கூடிய கனம் இல்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பஸ் வந்தது. நான் பின்னால் தாங்கி ஏற்றிவிட்டேன்.

கூட்டம். கீழ் ஊர்களுக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். எல்லோருக்கும் பாயைத் தெரியும், மச்சானையும் தெரியும். நேற்று நடந்ததும் அதற்குள் தெரிந்திருக்கும். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பழத்தை மடியில் வைத்து உட்கார்ந்தார். பழத்துக்கு மேலே தொப்பி மட்டும் தெரிந்தது.

"ஏன் பாய், இத்தனாம் பெரிய பழம் யாருக்கு?" என்றார் கண்டக்டர்.

பாய் பழத்துக்கு மேலே தலையை நீட்டினார். வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"எம் மச்சான் ஊட்டுக்குங்க. எறங்குன உடனே நேரா அங்கதான் போறேன்."